கறையோட பொறந்த பேப்பர்

ஏன்டா, நாலு வருசம் முக்கி முக்கிப் படிச்சு டிகிரி வாங்குன பெரிய மனுசங்களா, பரோட்டா தின்ன கையை எதுக்குடா பேன்ட்டுல தொடைக்கறீங்க? மேசை மேல டப்பாவுல வெள்ளையா சொருகி வெச்சிருக்கானே, அதுல ஒண்ண உருவுனா கை ஒடிஞ்சிருமா? உருவுடா தீபக்கு, பயப்படாத. இது எவனோ வெளியூர்க்காரன் சரக்கு, சுத்தமாத்தான் இருக்கும். எங்க சரக்கா இருந்திருந்தா நீ உருவும்போதே உன்ற வாயோரம் இருக்கற சால்னா, மீசையில தொங்கற வெங்காயம், அந்த மூக்கு நுனியில எப்ப விழலாம்னு நிக்குதே ஒண்ணு, எல்லாம் ஒட்டுக்கா அதுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். சிரிக்காதடா, சிரிச்சா பல்லுல கருவேப்பில தெரியுது, கருமம்.

காலேஜ விட்டு ஓடிப்போயி என்ன பண்றேன்னு கேட்டீங்கள்ல, சொல்றேன். தின்னு முடிச்சுட்டீங்கதானே? நல்லது. வாந்தி வந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கங்க.

உடுமலைக்குத் தெக்க, காத்தாலைக் கம்பமா நிக்கற காட்டுக்குள்ள, சின்னத்தோட்டத்துப்பாளையம்னு எங்க ஊரு. அங்க சென்னியப்பன் அண்ணன்னு ஒருத்தரு, கோழிப்பண்ணை வெச்சு, கோழியெல்லாம் சீக்கு வந்து செத்துப் போனதுக்கப்பறம், அந்தக் கொட்டாயிலயே மெசின எறக்கி, கை தொடைக்கற பேப்பர் ஓட்ட ஆரம்பிச்சாப்ல. எத்தன பினாயில் ஊத்திக் கழுவுனாலும் அந்தக் கொட்டாயில கோழிப்பீ வாசம் போகாது, மழை பேஞ்சா செவுத்துக்குள்ள செத்த கோழியெல்லாம் மூச்சு விடற மாதிரி ஒரு நாத்தம் கெளம்பும், அந்த நாத்தத்துக்கு நடுவுல ஆள் ஒசரத்துக்கு ஒரு பேப்பர் உருளை வெள்ளை வெளேர்னு தொங்கிக்கிட்டு, சுத்திச் சுத்தி அவுந்து, ரெண்டு அடுக்காச் சேந்து, குழி விழுந்து, கிழிக்கறதுக்குப் புள்ளிக்கோடு வாங்கி, அட்டைக் குழாய் மேல சுருண்டு, வாளுக்கு அடியில போயி துண்டு துண்டா அறுபட்டு வெளிய வரும். ஒலகத்துல இருக்கற எச்சை, சளி, எண்ணெய் எல்லாத்தையும் ஒரே ஒரு தடவை வாங்கிக்கிட்டுக் குப்பைக்குப் போறதுக்குன்னே பொறந்த சாமானம். 

நான் அங்க டிசைனரு. சிரிங்க, சிரிங்க. கை தொடைக்கற பேப்பருக்கு என்னடா டிசைனுன்னுதானே? வழவழன்னு இருக்கற பேப்பரு தண்ணிய உறியாதுடா, தள்ளி விட்டுரும். குழி வேணும். ரெண்டு அடுக்குக்கு நடுவுல காத்து நிக்கோணும், காத்து நின்ன எடத்துல கொழம்பு போயி உக்காரோணும். இரும்பு உருளையில எப்படி மேடு வெட்டறமோ அப்படிக் குழி விழும். அண்ணன் சம்சாரம் ரோஜாப்பூ வேணும்னாங்க, வரைஞ்சு குடுத்தேன், பேப்பர்ல விழுந்தப்ப அழுகுன முட்டக்கோசு மாதிரி இருந்துச்சு, தண்ணியும் நிக்கல. அப்பறம் மாங்கா வரைஞ்சேன், கிழிச்சா புள்ளிக்கோட்டுல கிழியாம மாங்காய்ல கிழிஞ்சு பாதித் தாளு கையோட வந்துச்சு. கடசீல என்ற அம்மா பணியாரம் சுடறதப் பாத்துக்கிட்டு இருந்தவன், அந்தக் கல்லுல இருக்கற குழியப் பாத்தேன், மாவு வழியாம உருண்டையா நிக்குது. அதையே பொடிசாக்கி வரைஞ்சு, கோயமுத்தூர்ல ஒரு லேத்துல குடுத்து உருளை வெட்டி எடுத்துட்டு வந்தோம்.

கொட்டாயில ரோல அறுக்கறதும் சுத்திக் கட்டறதும் கோகிலவாணி. என்னைய விட ஒரு வயசு மூத்தவ, 'டா' போட்டுத்தான் கூப்புடுவா. அவளுக்கும் பக்கத்தூரு கவியரசுக்கும் பள்ளிக்கூடத்துல இருந்தே பழக்கம். அவனுக்குக் காத்தாலைக் கம்பம் ஏறி ரிப்பேர் பாக்கற வேலை. ரெண்டு ஊட்டுலயும் சண்டை போட்டு, பேசாம கெடந்து, சோறு திங்காம கெடந்து, அவ அப்பன் ஒரு வழியாச் சரின்னுட்டாரு. கவியரசோட அம்மா சுலோச்சனாக்கா மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு "பாக்கலாம், பாக்கலாம்"னு இழுத்துக்கிட்டே இருந்துச்சு. கோகிலாவுக்கு அந்தக் கல்யாணம் நடக்கோணும். அவ்வளவுதான், வேற ஒண்ணும் அவளுக்கு வேண்டியதில்ல.

புது உருளை மாட்டி மெசின் ஓட்டுன மொத நாளு, மொத ரோல அறுத்து மொத தாளக் கிழிச்சவ அவதான். கிழிச்சு வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா, நடுவுல கத்திரிக்காக் கொழம்பு.

"டேய் நவநீ, தின்னுட்டு எங்கடா கைய வெச்ச?"

"நான் இன்னும் பல்லே வெளக்கல அம்மணி."

"அது தெரியுது. தள்ளி நின்னு பேசு."

ரெண்டாவது தாளக் கிழிச்சா உதட்டுச் சாயம், கூடவே முட்டை மஞ்சக்கரு. மூணாவதுல பச்சையா, கெட்டியா, எவனோ ஒருத்தன் மாசக்கணக்காச் சேத்து வெச்ச சளி. அடுத்ததுல செருப்புல இருந்து தொடச்ச நாய்ப்பீ, அடுத்ததுல மீன் ரத்தம், அடுத்ததுல வெத்தலைச் சாறு, அடுத்ததுல காது அழுக்கு, அடுத்ததுல ஒரு கொழந்தை கக்குன பாலு. அண்ணன் ஓடியாந்து மெசின நிறுத்தி, எண்ணெய் ஒழுகுதோன்னு பாத்து, உருளையக் கழட்டி, மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சு, மறுக்கா மாட்டி ஓட்டுனாப்ல. உள்ள போறப்ப வெள்ளை, வெளிய வர்றப்ப எச்சை. மேல பாத்தா வெள்ளை, கீழ பாத்தா எச்சை. யாரும் தொடாத பேப்பரு, யாரோ தொடச்சுப் போட்ட மாதிரி, வாசத்தோட, பிசுபிசுப்போட, ரோலு ரோலா வந்து குமிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கோகிலா கைய கழுவிக் கழுவி சோப்பே கரைஞ்சு போச்சு.

"இத எவன் வாங்குவான்?"னு அண்ணன் தலையில கைய வெச்சுக்கிட்டு, ஒரு மூட்டைய டீக்கடை மாணிக்கத்துக்குச் சும்மா குடுத்தாப்ல, அடுப்புத் திட்டு தொடைக்கறதுக்காவது ஆகட்டும்னு. மாணிக்கம் ஒரு தாளக் கிழிச்சாரு, அதுல வளைவா டீக்கறை, கறைக்கு நடுவுல செத்த ஈ. அவரு அதப் பாத்துக்கிட்டு இருக்கறப்பவே கை தட்டி ஒரு கிளாஸ் கவுந்து, டீ பெஞ்சு மேல வளைவா ஓடி, அதுல ஒரு ஈ விழுந்துச்சு. தொடச்சாரு. பெஞ்சு பளிச்சுன்னு ஆயிருச்சு. டீ எல்லாம் போயி டீக்கறை மேலயே உக்காந்துக்குச்சு, ஈ போயி ஈ மேல உக்காந்துக்குச்சு, தாளு முந்தி எப்படி இருந்துச்சோ அப்படியே, ஒரு சொட்டு எச்சு இல்ல, ஒரு சொட்டு கொறை இல்ல.

"சரியாத்தான் வேலை செய்யுது. மொதல்லயே செஞ்சிருக்குது, அவ்வளவுதான்"னு சொல்லிட்டு மாணிக்கம் அடுத்த டீய ஆத்த ஆரம்பிச்சுட்டாரு.

அவ்வளவுதான்டா. அதுக்கப்பறம் ஊருல ஒருத்தரு ஏன்னு கேக்கல, எப்படின்னு கேக்கல. எனக்கொண்ணு குடுன்னுதான் கேட்டாங்க. எங்க பக்கம் ஒரு நல்ல காரியம்னா சாமிகிட்டப் பூ கேப்பாங்க, தெரியுமில்ல? செவப்புப் பூவத் தனியா வெள்ளைப் பூவத் தனியாப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னாடிப் போட்டு, ஒண்ண எடுத்துப் பிரிச்சு, நெனச்ச பூ வந்தா நடத்தலாம், வராட்டி வேண்டாம்னு. அந்தப் பூவு போயி பேப்பராச்சு. வெள்ளிக்கெழம வெடியால ஊரே குளிச்சு முழுகி, ஈரத் தலையோட, தேங்காய் பழத்தோட, கோழிக் கொட்டாய் முன்னாடி வரிசையில நின்னுச்சு. கோயில் பூசாரி ஒரு வாரம் கோவிச்சுக்கிட்டாரு, மறுவாரம் வந்து மெசினுக்குச் சந்தனம் வெச்சு, மொத சூடத்த அவரே காட்டுனாரு. பேரு சொல்லி ஒரு தாளக் கிழிச்சாப் போதும். கிழிச்ச தாளு உங்களுது. ஊட்டுக்குக் கொண்டு போனா, அதுக்கு வேலை வர்ற நாளு முட்டும் அது காத்துக்கிட்டுக் கெடக்கும். மஞ்சக் கறை வந்தா கல்யாணம், மை வந்தா கவருமெண்டு வேலை, சேறு வந்தா மழை, ரத்தம் வந்தா சூதானமா இருந்துக்கோணும்.

அர்த்தம் சொல்ல ஒரு ஆளு வேணுமில்ல? குழி வெட்டுனவனுக்குத்தான் குழில இருக்கறது தெரியும்னு என்னையப் புடிச்சு நாற்காலியில உக்கார வெச்சுட்டாங்க. நானும் உக்காந்தேன். காலேஜுல நான் வாயத் தொறந்தா 'வெளிய போ'ம்பானுங்க. இங்க நான் வாயத் தொறக்கறதுக்குக் கூட்டம் மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஆனா வந்து நிக்கறத நீங்க பாக்கோணுமே, ச்சீ! தாளக் கிழிச்சுக் கையில குடுத்தா மோந்து பாப்பாங்க. "இது ரசமா, வாந்தியா?"ன்னு நாக்குல வெச்சுப் பாத்த ஆளையே நான் பாத்திருக்கேன். பத்து வருசமா கொழந்தையில்லாத ஒரு அம்மாவுக்கு மஞ்சளா, கொழகொழன்னு, கொழந்தப் பீ வந்துச்சு. அந்தம்மா அதக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதுச்சு. ஊட்டுக்குக் கொண்டு போயிச் சாமி ரூம்ல, முருகருக்குப் பக்கத்துல வெச்சு, பொட்டு வெச்சு, பூப் போட்டு, ஊரே போயி வரிசையில நின்னு அந்தப் பீயக் கும்பிட்டுட்டு வந்துச்சு. அந்தம்மாவுக்குக் கொழந்தை பொறந்துச்சு, அது வேற விசயம். ஆனா நான் ஒரு வாரம் பருப்புச் சோறு திங்கல.

அப்பறம் போட்டி ஆரம்பிச்சுது. "உங்களுக்கு என்ன வந்துச்சு?" "ஆட்டுக்கொழம்பு, நல்லெண்ணெய் மெதக்குது." "கொடுத்து வெச்ச மகராசி, எங்களுக்கு வெறும் டீக்கறைதான்." சேறு வந்த ஒருத்தன், மழைக்கு எவன் காத்துக்கிட்டு இருப்பான்னு சாக்கடையில விழுந்து பொரண்டு, எந்திரிச்சு வந்து தாளுல தொடச்சு, "முடிஞ்சுது"ன்னு நிம்மதியாப் போனான். ரத்தம் வந்த இன்னொருத்தரு பயந்து பயந்து எளச்சு, கடசீல பிளேடால சுண்டு வெரலக் கீறி, கறை மேலயே சொட்டு விட்டு, "முடிச்சுட்டேன் சாமி"ன்னு வந்து எனக்கு வாழைத்தாரு குடுத்தாரு. எந்தக் கறைன்னாலும் முடிச்சுரலாம்னு ஊருக்குத் தெகிரியம் வந்துருச்சு. முன்ன மாதிரி யாரும் எதையும் கழுவறதில்ல. வாயோரத்துல கொழம்போட, கண்ணுல பீளையோட, 'இது எந்தத் தாளுக்கோ'ன்னு அப்படியே சுத்துனாங்க. எச்சைய எச்சைன்னு சொன்ன ஒரே ஆளு கோகிலாதான்.

"நாறப் பசங்க. நாளைக்குத் தொடைக்கப் போறத இன்னைக்கே மோந்து பாத்துக்கிட்டு..."ன்னு கையுறை போட்டுக்கிட்டு அறுத்துத் தள்ளுவா.

அப்பறம் வந்துச்சு வெள்ளை.

செல்லாண்டியப்பன்னு ஒரு பெரியவரு, தொண்ணூறு தாண்டுனவரு. அவரு பேருக்குக் கிழிச்ச தாளு சுத்தமா, பளபளன்னு, ஒரு பொட்டுக் கறை இல்லாம வந்துச்சு. "என்ன கண்ணு, வெறும் வெள்ளையா இருக்குது?"ன்னாரு. எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? "தொடைக்க ஆளு இருந்தாத்தானுங்க தாத்தா கறை வரும்"னேன். கூட்டம் சிரிச்சுது, அவரும் பொக்கை வாயால சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே டீக்கடைக்குப் போயி அதுல சாம்பார ஊத்திப் பாத்தாரு. சேப்பங்கெழங்கு எலை மேல ஊத்துன மாதிரி உருண்டு ஓடிருச்சு, தாளு வெள்ளையாவே இருந்துச்சு. அடுத்த வெள்ளிக்குள்ள ஆளு தூக்கத்துலயே போயிட்டாரு. தொண்ணூறு வயசுக்காரரு சாகாம பின்ன செமஸ்டர் எழுதவா போவாரு? ஆனா ஊருக்கு அது போதும். "தம்பி சொன்னான், நடந்துச்சு." அன்னைக்கு இருந்து என்ற கால்ல விழ ஆரம்பிச்சாங்க. நானும் காலை இழுத்துக்கல.

வெள்ளைன்னா சாவு. பீயக் கும்பிட்ட ஊரு சுத்தமான பேப்பரப் பாத்து நடுங்குச்சு. கறைன்னா முடிச்சுரலாம், வெள்ளைய என்ன பண்ணி முடிக்கறது? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வெள்ளை நோட்டத் தொடப் பயந்துச்சுங்க. வேட்டி வெளுக்கறத நிறுத்திட்டாங்க. தெனமும் வெடியால எந்திரிச்சு, "சாமி, எதாவது அசிங்கத்தக் குடு"ன்னு வேண்டிக்கிட்டாங்க.

அந்த நேரம் பாத்துத்தான் சுலோச்சனாக்கா எறங்கி வந்துச்சு. "சரி, எனக்கும் ஒரே பையன். பேப்பர் கேப்போம், நல்லது வந்தா முடிச்சுக்கலாம்." கோகிலாவுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா கல்யாணம் வேணுமே. முந்துன நாளு சாங்காலம் ரோல அடுக்கிக்கிட்டே எங்கிட்ட வந்தா.

"நாளைக்கு நீதானடா படிப்ப?"

"நம்மள விட்டா ஊருல ஆரு இருக்கா அம்மணி?"

"எது வந்தாலும் நல்லதாச் சொல்லிப்போடு. சளி வந்தா பாயாசம்னு சொல்லு."

"பீயே வந்தாலும் சந்தனம்னு சொல்றேன், போ."

"வாந்தி வந்தா?"

"மசக்கைன்னு சொல்லிருவேன். சுலோச்சனாக்கா நாளைக்கே தொட்டில் வாங்கிரும்."

"த்தூ, வாயக் கழுவு"ன்னு சிரிச்சா. அவ சிரிச்சு ரொம்ப நாளாச்சு. நான் அன்னைக்கு ஊட்டுக்குப் போயி எல்லாத்துக்கும் ஒரு பொய் தயார் பண்ணி வெச்சேன். சீழுக்கு ஒண்ணு, கோழி ரத்தத்துக்கு ஒண்ணு, கண்மையோட வர்ற கண்ணீருக்கு ஒண்ணு. ஒலகத்துல இருக்கற அத்தன அழுக்குக்கும் எங்கிட்ட ஒரு நல்ல வார்த்தை இருந்துச்சு.

வெடியால, ரெண்டு ஊரும் கூடி நிக்க, பூசாரி சூடம் காட்டி, "கோகிலவாணி"ன்னு பேரு சொல்லி, தாளக் கிழிச்சுத் தட்டுல வெச்சாரு.

வெள்ளை.

திருப்பிப் போட்டாரு. அந்தப் பக்கமும் வெள்ளை. நான் வரைஞ்ச பணியாரக் குழி மட்டும் வரிசை வரிசையா, ஒண்ணுல கூட ஒரு தூசி இல்லாம, காலியாத் தெரிஞ்சுது. முன்னாடி நின்னவங்க ரெண்டு அடி பின்னால போனாங்க.

சுலோச்சனாக்கா தலையில கைய வெச்சுது. "நான் பொல்லாதவ இல்ல சாமி. வயசுப் புள்ளையப் போயி நான் என்னத்தச் சொல்ல. தை முட்டும் பாப்போம். தை பொறந்தும் இந்தப் புள்ள உசுரோட இருந்தா நானே வந்து தட்டு மாத்தறேன்." கோகிலா கவியரசப் பாத்தா. அவன் நூறு அடிக் கம்பத்துல கயிறு கட்டித் தொங்கறவன், அன்னைக்கு அவன் அம்மா செருப்பையே பாத்துக்கிட்டு நின்னான்.

அப்பறம் அவ என்னையப் பாத்தா. "நவநீ, வெள்ளைக்கு அர்த்தம் நீ லொள்ளுக்குச் சொன்னதுதானே? பெரியவருகிட்டச் சும்மா சொன்னதுதானே? இவிங்ககிட்டச் சொல்லுடா."

ஊரு கண்ணு பூரா என்ற வாயில இருந்துச்சு. நான் வாயத் தொறந்தேன்.

"சாமி காரியத்துல நான் என்ன அம்மணி சொல்றது"ன்னேன்.

அவ தட்டுல இருந்த தாள எடுத்துக் கண்ணத் தொடச்சா. அது உறியல. கண்ணீரெல்லாம் குழிக்கொண்ணா, பணியார மாவு மாதிரி, உருண்டு உருண்டு நின்னுச்சு. அத அப்படியே உதறிட்டு, தாள மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, பொறங்கையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டுப் போயிட்டா.

அண்ணன் அடுத்த நாளே அவளக் கூப்புட்டு, "தப்பா நெனச்சுக்காத கண்ணு, நீ கை வெச்ச ரோலெல்லாம் வெள்ளையா வந்துச்சுன்னா நான் என்ன பண்றது"ன்னு வேலைய விட்டு நிறுத்திட்டாப்ல. டீக்கடையில அவளுக்குன்னு ஒரு கிளாஸத் தனியா வெச்சாங்க. சொந்தக்காரங்க அவள உக்கார வெச்சுக்கிட்டே, எந்த நகை ஆருக்குன்னு அவ அம்மாகிட்டப் பேசுனாங்க. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, ஒருநா பைய எடுத்துக்கிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறிட்டா. ஃபோன் நம்பரையும் மாத்திட்டா. கவியரசு கம்பத்து உச்சியில நின்னு அந்த ரோட்டையே பாப்பான்னு கூட வேலை செய்யறவனுங்க சொன்னானுங்க.

மார்கழி கடசீல ஒரு சோலியாப் பல்லடம் போனேன். பஸ் ஸ்டாண்டுல ஒரு புள்ள வாயெல்லாம் எண்ணெயா போண்டா தின்னுக்கிட்டு நின்னுச்சு. கோகிலா. கன்னமெல்லாம் சதை போட்டு, நல்லா இருந்தா.

"என்னடா பேயப் பாத்த மாதிரி முழிக்கற? செத்துட்டேன்னு நெனச்சியா?"

"அந்தத் தாளு..."

"அதா? அது ரூம்ல இருக்குது. எண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில விரிச்சிருக்கேன். ஒண்ணும் ஒட்டாது, நல்லாத்தான் இருக்குது." எண்ணெய்க் கைய சுடிதார்லயே தொடச்சா. "வெள்ளைன்னா இவ்வளவுதான்டா. எதையும் தொடைக்காத பேப்பரு வெள்ளையாத்தான் இருக்கும். இதுக்கு ஒரு கூட்டம், அதுக்கு ஒரு சாமியாரு."

பஸ் கெளம்பறப்ப ஏறப் போனவ திரும்பி வந்தா. மூஞ்சி மாறியிருந்துச்சு. "தை பொறக்கப் போகுது. கவிகிட்டச் சொல்லு, நான் இருக்கேன்னு. அவன் வந்தான்னா கட்டிக்கறேன். நானா அந்த ஊருக்கு வந்து நிக்க மாட்டேன், அவன் வரோணும். சொல்லிருவியா?" என்ற செல்ல வாங்கி அவளே அவ நம்பரப் போட்டுக் குடுத்தா. சொல்றேன்னேன். சத்தியமா சொல்லோணும்னுதான் நெனச்சேன்டா.

தை மொத வெள்ளி. கவியரசு வந்தான், அவன் அம்மா பின்னாலயே வந்துச்சு. கம்பம் ஏறி ஏறிக் காப்புக் காச்சுப் போன கையக் கூப்பிக்கிட்டு அவன், எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "கோகிலா வருவாளான்னு கேக்கோணும்"னான். பூசாரி தாளக் கிழிச்சாரு. ரெண்டு ஈரம், பக்கத்துல பக்கத்துல, ஓரத்துல உப்புக் காஞ்ச வெள்ளைக் கோடு. கண்மை இல்ல. ஆம்பளக் கண்ணீரு.

சுலோச்சனாக்கா என்ற காலத் தொடற மாதிரி குனிஞ்சு, "சொல்லு சாமி, இது என்ன கண்ணீரு? அந்தப் புள்ளைக்கு எதாச்சும்..."னு கேட்டுச்சு. 

என்ற பாக்கெட்டுல செல்லு இருந்துச்சு, செல்லுல நம்பரு இருந்துச்சு. சந்தோசத்துல வர்ற கண்ணீருன்னு சொல்லி அந்த நம்பரப் போட்டுக் குடுத்திருந்தா, அவ கொரலக் கேட்டு அவன் அங்கயே அழுதிருப்பான், அதே ரெண்டு சொட்டு அதே எடத்துல போயி உக்காந்திருக்கும், பேப்பருக்கு ஒரு கொறையும் வந்திருக்காது. வெள்ளை மட்டும் பொய்யாப் போயிருக்கும். வெள்ளை பொய்யின்னா நான் சொன்னதெல்லாம் பொய்யி, அப்பறம் நான் ஆரு? அரியர் வெச்சுட்டு ஓடியாந்தவன், கோழிக் கொட்டாயில பேப்பருக்குக் குழி வரையறவன். கூட்டம் மூச்சப் புடிச்சுக்கிட்டு என்ற வாயப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

எப்படின்னு கூடக் கேட்டாங்க. டெங்குன்னேன்.

அவன் அந்தத் தாளுலயே மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டு அழுதான், ஒரு சொட்டு எச்சு இல்ல, ஒரு சொட்டு கொறை இல்ல. கண்ணீரு மட்டுந்தான்டா தாளுல இருந்துச்சு, எதுக்கு அழறான்னு அதுல ஒண்ணும் இல்ல. அவ செத்துட்டான்னு சொன்னது நான்.